நாறாத புகை

9

"அன்னிக்குப் போட்டிருந்த கோட் இருக்கா?" என்று வெர்னா கேட்டாள்.

மாட்டின் மடியிலிருந்து கறவைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்த ஹைரம் ஷ்னாடர் நிமிர்ந்து பார்த்தார். எழுபது வயது. பேச்சை அளந்து செலவழிக்கிற மனிதர்.

"ரத்தம் பட்ட கோட்டை யாரும்மா வெச்சுக்குவாங்க? எரிச்சுட்டேன்."

"போச்சு," என்றான் ஆரின் கஸ். "வார்டனம்மா, இந்தக் கேஸுல நம்மளைத் தவிர எல்லாரும் ரொம்ப சுத்தக்காரங்க. ஆய்வகத்துல துப்பாக்கியைக் கழுவிட்டாங்க. இவர் கோட்டை எரிச்சுட்டார். நாமதான் பதினாலு நாளா ஒரே சட்டையில சுத்திக்கிட்டிருக்கோம்."

வெர்னா ஸ்டௌஃபர் பத்தொன்பது வருடம் பென்சில்வேனியா மலைக்காடுகளில் வனவிலங்கு வார்டனாக இருந்தவள். இப்போது தனியார் துப்பறிவாளர் என்று ஒரு பலகை மாட்டியிருந்தாள். ஆரின் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். எந்தப் பிள்ளை பொய் சொல்கிறது என்று பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிடுவான். அந்த ஒரு திறமைக்காக அவனுடைய வாயை அவள் பொறுத்துக்கொண்டாள்.

கேஸ் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸ் முடிந்த மறுவாரம், சிக்கிமுக்கிக் கல்லில் தீப்பொறி எழுப்பிச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிக்காரர்களுக்கு மட்டும் மான் வேட்டை திறந்திருந்த நாட்கள். லூதர் ஹேக்கும் அவனுடைய மைத்துனன் வெண்டலும் மலைமேல் போனார்கள்; சத்தம் கேட்கிற தூரத்தில் ஹைரமும் இருந்தார். வெண்டல் பிணமாகத் திரும்பினான். மானைக் குறிவைத்து விசையை இழுத்தேன், துப்பாக்கியின் பக்கவாட்டுக் கிண்ணியில் இருந்த மருந்தில் பொறி பற்றியது, குழல் வெடிக்கவில்லை, சனியன் என்று வெண்டல் பக்கம் திரும்பினேன், அப்போது வெடித்துவிட்டது என்றான் லூதர். ஆய்வகத்தில் அதே துப்பாக்கியைக் கழுவி, அவன் மருந்துக் கொம்பிலிருந்த அதே கருமருந்தைக் கெட்டித்து இருபது முறை சுட்டார்கள். இருபது முறையும் கண் இமைக்கிற நேரத்தில் வெடித்தது. தாமதம் என்பது கட்டுக்கதை என்றார் அரசு வக்கீல்.

காரணமும் கையோடு கிடைத்தது. கள்ள வேட்டை ஆடினான் என்று லூதரைக் காட்டிக்கொடுத்து, இரண்டு வருடம் அவன் லைசென்ஸைப் பறிக்க வைத்தவன் வெண்டல்தான். "உன்னை ஒரு நாள் பார்த்துக்கறேன்" என்று லூதர் காபிக் கடையில் கத்தியதை ஒன்பது பேர் கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு வருடம் தீர்ப்பானது.

வெர்னாவை அமர்த்தியவள் ரோவினா. உள்ளே இருப்பவனுக்கு மனைவி, செத்தவனுக்கு அக்கா. மறு விசாரணை மனுவுக்கு வெள்ளிக்கிழமை மாலையோடு கெடு முடிகிறது. இன்று புதன்.

"கோர்ட்டுல ரெண்டு சத்தம் கேட்டதா சொன்னீங்களே," என்றாள் வெர்னா.

"ஒண்ணரை சத்தம்," என்று ஹைரம் திருத்தினார். "மொதல்ல சின்னதா 'புஸ்'ஸுன்னு. அப்புறம்தான் 'டொம்'முனு. நடுவுல எவ்வளவு நேரம்னு வக்கீல் கேட்டான். நின்னு நிதானமா ஒரு ஆமென் சொல்ற நேரம்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் வாயைத் தெறக்கலை."

"ஓடிப்போய் வெண்டலைத் தூக்கினது நீங்கதான்?"

"நானும் லூதரும். புகை இன்னும் தரையிலயே தங்கியிருந்துச்சு. மடியில போட்டுக்கிட்டோம். அவ்வளவுதான்."

"வீட்டுக்குப் போனதும்?"

"என்ன வீட்டுக்குப் போனதும்? என் வீட்டுக்காரி லிடியா வாசல்ல நின்னா. கோட்டைப் பார்த்து அழுதா. உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சா." சட்டென்று நிறுத்தினார். கறவைக் குழாய் கையிலேயே தொங்கியது. "உள்ள கூட்டிட்டுப் போனா," என்று மறுபடி சொன்னார், தனக்குத்தானே.

"அதுல என்ன?"

"முப்பத்தஞ்சு வருஷமா வருஷப்பொறப்பு அன்னிக்கு நாங்க இந்த மாதிரித் துப்பாக்கியில வானத்தைப் பார்த்துச் சுடுவோம். பன்னிக்கறியும் புளிச்ச கோஸும் மேசையில ஆறிட்டிருக்கும். ஆனா கோட்டைக் கழட்டி வெளியில போடாம ஒரு தடவைகூட அவ என்னை உள்ள விட்டதில்ல. அழுகின முட்டை நாத்தம், குடும்பத்தோட நாறுதுன்னு கத்துவா. அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லலை."

"செத்தவன் ரத்தத்தோட வந்தீங்க. அந்த நேரத்துல நாத்தமா தெரியும்?" என்றான் ஆரின்.

"உனக்கு லிடியாவைத் தெரியாது," என்றார் ஹைரம்.

வெர்னா வீட்டுக்குள் போய் லிடியாவிடமே கேட்டாள். லிடியா மாவுக் கையைத் துணியில் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "அந்தக் கோட்டை ரெண்டு நாள் கழிச்சு நான்தான் எடுத்துப் போய் அவர்கிட்ட எரிக்கக் கொடுத்தேன். மூஞ்சில வெச்சு அழுதேன். ரத்த வாடைதான் இருந்துச்சு. வேற வாடை இல்ல."

காரில் ஏறியதும் ஆரின் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான்.

"அரசாங்க ஆய்வகத்துக்குத் தெரியாதது லிடியா மூக்குக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா மூக்கைக் கூண்டுல ஏத்த முடியாதே."

"கருமருந்து நாறறது எதனால?"

"கந்தகத்தால."

"நாறலைன்னா?"

"கந்தகம் இல்லைன்னு அர்த்தம்." சாவியைத் திருகினான். "மாத்து மருந்து. ஆனா அதை லூதர் தொடவே மாட்டானே. அந்த ஆளு அப்பன் பேரை மாத்தினாலும் மாத்துவான், மருந்தை மாத்த மாட்டான்."

மெர்ல் கிரைடரின் துப்பாக்கிக் கடைக்குப் பின்னால் மண்மேடு ஒன்று இருந்தது. மெர்ல் லூதருடைய துப்பாக்கிக்கு இரட்டைப் பிறவி போல ஒன்றை எடுத்து வந்தார். அவர் கையால் செய்த ஜோடியில் ஒன்றுதான் லூதருடையது.

"மொதல்ல நெசமான மருந்து," என்று குழலின் வாய்வழியே ஊற்றி, துணியில் சுற்றிய ஈயக் குண்டை மேலே வைத்துக் கம்பியால் இடித்து இறக்கினார். கிண்ணியில் ஒரு சிட்டிகை தூவி ஆரினிடம் கொடுத்தார். ஆரின் விசையை இழுத்தான். பொறி விழுந்ததும் குழல் முழங்கியதும் ஒன்றாகவே இருந்தன. மூக்கைப் பிடிக்க வைக்கிற வாடை.

அடுத்து ஒரு டப்பாவிலிருந்து மாற்று மருந்து. கிண்ணியில் மட்டும் நிஜ மருந்து. ஆரின் இழுத்தான். கிண்ணியில் 'புஸ்' என்று ஒரு வெளிச்சம். அவ்வளவுதான்.

"என் மொதல் கல்யாணம் ஞாபகத்துக்கு வருது," என்றான்.

"இறக்காதே. முப்பது எண்ணு," என்றார் மெர்ல். "இந்தத் தூளுக்கு நல்ல சூடு வேணும். வெடிக்கிற சின்னக் கேப் வெச்சுச் சுடற துப்பாக்கியில அந்தச் சூடு கிடைக்கும், கச்சிதமா வெடிக்கும். இதுல கிடைக்காது. சில சமயம் வெடிக்காது. சில சமயம் யோசிச்சுட்டு வெடிக்கும்."

முப்பது எண்ணினார்கள். ஒன்றுமில்லை. கிண்ணியில் மறுபடி ஒரு சிட்டிகை தூவி இழுத்தான். 'புஸ்.'

"இதுவும் செத்துப்..." என்று ஆரின் மெர்ல் பக்கம் முகத்தைத் திருப்பினான். துப்பாக்கி வெடித்தது. குண்டு மேட்டில் படவில்லை. மேட்டுக்குப் பத்தடி முன்னால், பனியில் ஒரு கரிய குழி விழுந்தது. முப்பது எண்ண வேண்டும் என்று சற்று முன் கேட்டவன் கையிலேயே குழல் தானாக இறங்கியிருந்தது. ஆரின் துப்பாக்கியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

இன்னும் ஐந்து முறை மெர்லே சுட்டார். மூன்று முறை வெடிக்கவே இல்லை. ஒரு முறை தாமதம். ஒரு முறை ஒழுங்கு. எதிலும் முட்டை நாற்றம் இல்லை. வெர்னா எழுதிக்கொண்டாள்.

"லூதர் உங்ககிட்ட இந்த டப்பா வாங்கினானா?"

"அவனா? கருமருந்து விக்க எனக்குத் தனி லைசென்ஸ், தனிப் பெட்டகம். மாத்து மருந்து அலமாரியில சோப்பு மாதிரி இருக்கும், யாரும் எடுத்துட்டுப் போகலாம். ஆனா அவன் அந்த அலமாரிப் பக்கமே திரும்ப மாட்டான்." மெர்ல் குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். "அந்த வருஷம் நவம்பர்ல ஒரு டப்பா அந்த வீட்டுக்குப் போச்சு. அவன் வாங்கலை. தன்னோட கேப் துப்பாக்கிக்குன்னு அவ கேட்டா. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

"எவ?"

"அவன் சம்சாரம். ரோவினா."

வெந்நீர் கறுத்துச் சொட்டியது.  

சிறையில் வியாழக்கிழமை காலை அரை மணி நேரம் கிடைத்தது. லூதர் பெரிய உருவம். சட்டை மட்டும் இன்னும் பெரியதாக இருந்தது.

"புகை நாறலை," என்று வெர்னா ஆரம்பித்தாள்.

அவன் அசையவில்லை. "யார் சொன்னது?"

"ஹைரம் வீட்டம்மா. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பதில் வருவதற்குள் காவலாளி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டான்.

"அங்கேயே," என்றான் லூதர். "வெண்டல் தலை என் மடியில. அந்த நேரத்துல மூக்குல நாத்தம் ஏறலைன்னு ஒருத்தனுக்குத் தோணுமா? தோணிச்சு. அதுக்காக இன்னிக்கும் என்னை நான் திட்டிக்கறேன். அதுக்கு முந்தின சாயங்காலம் கால் மரத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். அவதான் துப்பாக்கியைத் துடைச்சு, மருந்து கெட்டிச்சு, ஈரம் பிடிக்காம குளிர்லயே இருக்கட்டும்னு கொட்டகையில மாட்டினா. எனக்காக. காலையில நான் கிண்ணியில என் மருந்தைத் தூவிக்கிட்டுக் கெளம்பிட்டேன்."

"கோர்ட்டுல நீங்களே கெட்டிச்சதா சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"ஆமா."

"அந்த ஒரு வரிதான் உங்களை இங்க உக்கார வெச்சிருக்கு. உங்க கொம்புல இருந்த மருந்தை வெச்சு அவங்க சோதிச்சதே அதனாலதான்."

"தெரியும். அப்பத் தெரியலை. நம்ம ஊர்க்காரங்க, பாதிப் பேரு என்கூட மலை ஏறினவங்க, நம்பிடுவாங்கன்னு நெனச்சேன். யார் கெட்டிச்சா என்ன, எல்லாம் ஒரே மருந்து, நீ வாயைத் தெறக்காதே, உன்னைக் கூண்டுல ஏத்திக் கிழிப்பாங்கன்னு அவகிட்டச் சொன்னேன். அவ நம்பினா." முன்னால் குனிந்தான். "அவளுக்கு அது எந்த டப்பான்னு தெரியாது. தெரியவும் கூடாது. ஒரே தம்பி. அவளே தூக்கி வளர்த்தவன். தெரிஞ்சா அவ காலையில எதுக்கு எந்திரிக்கணும்? நான் இருந்துட்டு வந்துடறேன். மீதி பத்து வருஷம்தான்."

"லூதர், அவங்க ஒரு வாக்குமூலம் கொடுத்தா..."

"கொடுத்தா? குழலைக் கழுவிட்டாங்க. டப்பா எந்த வருஷத்து டப்பான்னு யார் சொல்றது? பொண்டாட்டி புருஷனைக் காப்பாத்தப் பொய் சொல்றான்னு தள்ளிடுவாங்க. எனக்கும் விடுதலை கிடைக்காது, அவளுக்கும் அன்னியோட முடிஞ்சுது." வெர்னாவின் முகத்தை நேராகப் பார்த்தான். "சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவள் முயன்றாள். கிடைக்கவில்லை.

"சரி," என்றாள். "சொல்ல மாட்டேன்."

காரில் இருந்தபடியே ரோவினாவின் வக்கீலுக்குப் போன் போட்டாள். ஒரு கிழவியின் மூக்கு, மண்மேட்டில் சுட்ட சில குண்டுகள், இரண்டையும் சேர்த்து மனுவில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"தள்ளுபடி ஆகும்," என்றார் வக்கீல். "கொஞ்சம் தாமதமா."

ரோவினா பள்ளிச் சமையலறையில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். தலையில் இன்னும் வலை இருந்தது. மூன்று கோப்பைகளில் காபி ஊற்றினாள். மேசையில் மனுவின் தாள்கள், அவற்றின் மேல் ஒரு பேனா.

வெர்னா கோப்பையைத் தொடாமல் சொன்னாள்: "மன்னிச்சுக்கோ ரோவினா. ஒண்ணும் கிடைக்கலை."

ரோவினா அவளைப் பார்த்தாள். பிறகு ஆரினைப் பார்த்தாள். ஆரின் காபியைப் பார்த்தான். பேருந்தில் எத்தனையோ பொய்யைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு பொய்யைப் பக்கத்தில் உட்கார்ந்து காக்கத் தெரியவில்லை.

அவள் எழுந்து, அடுப்புக்கு மேலிருந்த அலமாரியைத் திறந்து, மாவு ஜாடிக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அப்போ இது கிடைக்கலையா?"

ஆரின் டப்பாவைத் தன் பக்கம் திருப்பினான்.

"போன ஆகஸ்ட்ல கொட்டகையை ஒழிச்சேன்," என்றாள் ரோவினா. "டப்பா கையில வந்துச்சு. வாங்கி ஒண்ணே முக்கால் வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் மேல எழுதியிருக்கறதைப் படிச்சேன். சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு ஆகாதுன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கு. டப்பா மேல இருக்கறதை யார் படிக்கறாங்க? மருந்து கெட்டிச்ச அன்னிக்குச் சாயங்காலம் வெளிச்சம் இல்ல, அவர் மருந்துக் கொம்பு கோட்டோட உள்ள இருந்துச்சு, போய் எடுக்கச் சோம்பல். அது நாலு எட்டு. நான் அளந்து பார்த்தேன், கொட்டகையிலேர்ந்து அந்தக் கோட் மாட்டற ஆணி வரைக்கும். நாலு எட்டு."

"வக்கீல்கிட்டச் சொன்னியா?"

"அடுத்த நாளே. நீ சொன்னா பொண்டாட்டி சொல்றான்னு ஆகும், வெளியாள் யாராவது தானா வந்து கண்டுபிடிச்சாத்தான் ஏதாவது வழி உண்டுன்னார். அதனாலதான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லாம அனுப்பினேன். நீங்களா கண்டுபிடிக்கணும்னு." டப்பாவை ஒரு விரலால் தள்ளினாள். "கண்டுபிடிச்சிருக்கீங்க. உங்க மூஞ்சிலயே தெரியுது. சாட்சியாகிற மாதிரி ஏதாவது இருக்கா?"

வெர்னா இருப்பதைச் சொன்னாள். வக்கீல் சொன்னதையும் சொன்னாள். ரோவினா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கடைக்காரர் வெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அப்போ இதுல இருக்கற என் வாக்குமூலத்துல நான் கையெழுத்துப் போட வேண்டாம்," என்று தாள்களை அடுக்கினாள். "ஜெயிக்கறதா இருந்தா போட்டிருப்பேன். போட்டா ஒரு பிரதி அவருக்குப் போகும். எந்த மருந்துன்னு அவருக்குத் தெரியாது. ஈரம், கல்லு மழுங்கினது, ஏதோ கெட்ட நேரம்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். அவர் கையால வெண்டல் போனது போதும். அதுக்குக் காரணம் நான்னு வேற அவர் சுமக்கணுமா? நீங்களும் சொல்லக் கூடாது. எனக்கு வாக்குக் கொடுங்க."

ஒரே நாளில் இரண்டாவது வாக்கு. வெர்னா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பனி பெய்யவும் இல்லை, நிற்கவும் இல்லை. வார்டனாக இருந்தபோது, பொறியில் கால் மாட்டித் தன் காலையே கடிக்கும் விலங்குகளை என்ன செய்வது என்று அவள் தயங்கியதே கிடையாது. அங்கே செய்ய ஒன்றுதான் இருந்தது. இங்கே எதைச் செய்தாலும் யாருக்கும் கால் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. ஆனால் இரண்டு பேரும் தனித்தனியே, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அதே காலைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வார்டனம்மா," என்றான் ஆரின், அடங்கிய குரலில். "நான் வேணா வெளிய போய் நிக்கட்டுமா? நான் கேக்கலைன்னா நீங்க சொல்லலைன்னு வெச்சுக்கலாம்."

"உக்காருய்யா," என்றாள் வெர்னா. ரோவினாவின் பக்கம் திரும்பினாள். "இன்னிக்குக் காலையில ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்தேன். இப்ப அதை மீறப் போறேன். அதனால உனக்கு வாக்குக் கொடுக்கற யோக்கியதை எனக்கு இல்ல."

"யாருக்கு?"

"லூதருக்கு. அவருக்குத் தெரியும் ரோவினா."

"எது?"

"எந்த டப்பான்னு. அந்த இடத்துலயே தெரியும். புகை நாறலைன்னு அப்பவே அவருக்குப் பட்டுடுச்சு. அதனாலதான் தானே கெட்டிச்சதா சொன்னார். உனக்குத் தெரியக் கூடாதுன்னு இன்னிக்கும் என்கிட்டக் கெஞ்சினார்."

ரோவினா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். தலையிலிருந்த வலையைக் கழற்றினாள். அதை நான்காக மடித்தாள், பிறகு பிரித்தாள். அழுவாள் என்று ஆரின் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தான். அவள் அழவில்லை.

"முழுசா ரெண்டு வருஷம்," என்றாள். "தெரிஞ்சுக்கிட்டேவா?"

"தெரிஞ்சுக்கிட்டே."

"முட்டாள்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு பேரும்" என்றாள்.

உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு தாளாகத் திருப்பி, வக்கீல் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். ஏழு இடம். கடைசிக் கையெழுத்து மற்றவற்றைவிடத் திருத்தமாக இருந்தது.

"இது ஜெயிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள் வெர்னா.

"நான் கேக்கலையே." தாள்களை அடுக்கி ஆரினிடம் நீட்டினாள். "நாளைக்கு நாலு மணிக்குள்ள கொடுத்துடுங்க."

வாசல் வரை வந்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவர்களைப் பார்க்காமல், சரிவில் கிடந்த பனியைப் பார்த்துப் பேசினாள்.

"பார்க்கப் போனா ரெண்டு மணி நேரம் விடுவாங்க. அதை ஓட்டறதே பெரும்பாடு. அவர் சோறு எப்படின்னு சொல்வார், நான் கோழிங்களைப் பத்திச் சொல்வேன், அப்புறம் ரெண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருப்போம்."

ஆரின் தாள்களைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டான்.

"இந்த ஞாயித்துக்கிழமை அந்த ரெண்டு மணி நேரம் போதாது," என்று சொல்லிவிட்டு ரோவினா கதவைச் சாத்தினாள்.